இ-ஸ்போர்ட்ஸ் தகுதிச்சுற்றை நியாயமாக நடத்துவது எப்படி: அட்மின்களுக்கான கையேடு

இ-ஸ்போர்ட்ஸில், அதாவது கணினி, கைபேசி ஆட்டப் போட்டிகளில், இறுதிப் போட்டி ஓர் அரங்கில் நடக்கும். கணினிகள் போட்டி நடத்துபவருக்குச் சொந்தமானவை. வீரர்களின் பின்னால் நடுவர்கள் நடமாடுவார்கள். சந்தேகம் எழுந்தால் அந்த இடத்திலேயே ஆட்டத்தை நிறுத்திப் பார்க்கலாம். தகுதிச்சுற்றில் இவை எதுவும் கிடையாது. நூற்றுக்கணக்கான அணிகள் தத்தம் வீட்டிலிருந்து, சொந்தக் கைபேசியிலோ கணினியிலோ ஆடுகின்றன. அவற்றைக் கவனிக்க போட்டியை நடத்திக் கண்காணிக்கும் நான்கைந்து அட்மின்களும், டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் ஒரு குழுவும்தான் இருக்கும். ஆனாலும் அரங்கத்துக்குச் செல்லப்போவது யார் என்பது இங்கேதான் முடிவாகிறது.

தகுதிச்சுற்றின் உண்மையான சிக்கல் நேரம். லீக் முறையில் ஒரு தவறான முடிவை அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம். ஒரு தோல்வியோடு வெளியேற வேண்டிய தகுதிச்சுற்றில் அடுத்த ஆட்டம் அரை மணி நேரத்தில் தொடங்கிவிடும். அது தொடங்கிய பிறகு வரும் தீர்ப்பு எவ்வளவு சரியானதாக இருந்தாலும், வெளியேற்றப்பட்ட அணிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆகவே விதி, ஆதாரம், தீர்ப்பளிப்பவர், கெடு ஆகிய நான்கையும் முதல் ஆட்டத்துக்கு முன்பே ஆயத்தமாக வைத்திருப்பதே நடத்துபவரின் தலையாய வேலை. கீழே சொல்லப்படுபவை அனைத்தும் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே அமைந்தவை.

யார் ஆடலாம் என்பதை முதலில் முடியுங்கள்

ஏமாற்று மென்பொருளைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் தகுதிச்சுற்றுகளில் நடக்கும் மீறல்களில் பெரும்பகுதி அதைவிடச் சாதாரணமானது. 2019 ஏப்ரலில் ஃபோர்ட்நைட் என்ற ஆட்டத்தின் உலகக் கோப்பையின் முதல் வார இணையத் தகுதிச்சுற்று முடிந்ததும் 1,200க்கும் மேற்பட்ட கணக்குகள் மீது நடவடிக்கை எடுத்ததாக அந்த ஆட்டத்தை உருவாக்கிய எபிக் கேம்ஸ் அறிவித்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை செய்த குற்றம், தமக்கு உரிய வட்டாரத்தை விட்டு வேறொரு வட்டாரத்திலும் புகுந்து ஆடியதுதான். ஒருவர் கணக்கில் மற்றொருவர் ஆடியது சில இடங்களில் நடந்தது; ஏமாற்று மென்பொருள் சிக்கியது அதைவிடக் குறைவு. ஆகவே உங்கள் உழைப்பின் பெரும்பங்கு பதிவுப் படிவத்துக்குச் செல்வதுதான் முறை.

பதிவின்போது ஒவ்வொரு வீரரின் கணக்கு எண், ஆட்டத்தில் காட்டும் பெயர், வயது, வசிக்கும் ஊர் ஆகியவற்றை வாங்குங்கள். அடையாளச் சான்றை எல்லோரிடமும் முதல் நாளே கேட்டுக் குவிப்பதைவிட, ஒரு குறிப்பிட்ட சுற்றைத் தாண்டும் அணிகளிடம் மட்டும் கேட்பது நல்லது. தேவையற்ற ஆவணங்களைச் சேர்த்து வைப்பதே ஓர் ஆபத்து. பதினெட்டு வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். அணிப் பட்டியல் எந்த நாள், எந்த மணிக்குப் பூட்டப்படும், பூட்டிய பின் எத்தனை மாற்று வீரர்களை இறக்கலாம், அந்த மாற்று வீரர் இதே தகுதிச்சுற்றில் வேறு அணிக்கு ஏற்கெனவே ஆடியிருக்கலாமா என்பவற்றை விதியிலேயே எழுதுங்கள். கடைசிக் கேள்வியைப் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள். முதல் தகுதிச்சுற்றில் தோற்ற அணியின் சிறந்த வீரர் இரண்டாவது தகுதிச்சுற்றில் வேறொரு அணியின் மாற்று வீரராக வந்து நிற்கும்போதுதான் அது நினைவுக்கு வரும்.

சாதனத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) போன்ற கைபேசி ஆட்டங்களில் டேப்லெட்டின் அகன்ற திரையில் பார்வைப் பரப்பு கூடுதலாகக் கிடைக்கிறது. கைபேசி ஆட்டத்தைக் கணினியில் இயக்கும் எமுலேட்டரில் ஆடுபவருக்கு மௌஸும் விசைப்பலகையும் இருக்கின்றன. இவற்றை அனுமதிப்பதோ தடுப்பதோ உங்கள் விருப்பம். ஆனால் விதியில் ஒரு சொல்லும் இல்லாமல் ஆட்டம் முடிந்த பிறகு தடுப்பது நியாயமாகாது.

சர்வர் தேர்வும் அப்படித்தான். கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற சுடும் ஆட்டத்துக்கு, அதை உருவாக்கிய வால்வ் நிறுவனம் சென்னையிலும் மும்பையிலும் சர்வர்களை வைத்திருக்கிறது. கொழும்பு அணியும் டெல்லி அணியும் மோதினால் எந்தச் சர்வர் என்று ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு விவாதிக்கத் தொடங்கினால், குரல் உயர்த்துபவரே வெல்வார். இரு அணிகளும் இரு சர்வர்களிலும் பிங் அளவை (சர்வருக்குத் தகவல் போய்வர ஆகும் நேரத்தை) படம்பிடித்து அனுப்ப வேண்டும், இரு அணிகளின் சராசரிக்கு இடையே வேறுபாடு குறைவாக உள்ள சர்வரே தேர்வாகும் என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்த விவாதமே எழாது.

தண்டனையை அட்டவணையாக எழுதுங்கள்

பல போட்டிகளின் விதிப்புத்தகத்தில் இருபது பக்கம் தடைகளைப் பட்டியலிட்டுவிட்டு, முடிவில் "மீறுவோர் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். அந்த வரியால் வீரருக்கும் பயனில்லை, அட்மினுக்கும் பயனில்லை. ஒரே தவறுக்குக் காலையில் எச்சரிக்கையும் மாலையில் வெளியேற்றமும் கிடைப்பதற்கு அந்த வரிதான் காரணம்.

2020இல் கவுண்டர்-ஸ்ட்ரைக் உலகில் நடந்ததைப் பாருங்கள். ஆட்டத்திலிருந்த ஒரு பிழையால் பயிற்சியாளரின் பார்வை வரைபடத்தின் ஓரிடத்தில் சிக்கிக்கொள்ளும். அங்கிருந்து எதிரணியின் நடமாட்டத்தை அவர் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பலர் அதைச் சொல்லாமல் பயன்படுத்தியிருந்தனர். இ-ஸ்போர்ட்ஸ் நேர்மை ஆணையமான ஈசிக், 2016 வரை பின்னோக்கிச் சென்று ஆட்டப் பதிவுகளை ஆய்வு செய்து, அந்தச் செப்டம்பரில் 37 பயிற்சியாளர்களுக்குத் தடை விதித்தது. எத்தனை ஆட்டங்களில், எத்தனை சுற்றுகள் பிழையைப் பயன்படுத்தினார் என்பதற்கேற்பத் தண்டனையின் அளவு கூடியது. தாமே முன்வந்து ஒப்புக்கொண்டவர்களுக்குச் சலுகை கிடைத்தது. தடைக்காலம் மிகையா குறைவா என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. ஆனால் ஒருவருக்கு ஏன் இத்தனை மாதம், இன்னொருவருக்கு ஏன் அத்தனை மாதம் என்பதை எவரும் கணக்கிட்டுப் பார்க்க முடிந்தது.

சிறிய தகுதிச்சுற்றுக்கு அவ்வளவு பெரிய அட்டவணை வேண்டாம். தாமதமாக வருதல், தவறான ஸ்லாட்டில், அதாவது வேறோர் அணிக்கு ஒதுக்கிய இடத்தில், அமர்தல், பதிவு அனுப்பாமை போன்ற நடைமுறைத் தவறுகள் ஒரு வகை. ஆட்டப் பிழையைப் பயன்படுத்துதல், ஒளிபரப்பைப் பார்த்து எதிரணியின் இடத்தை அறிதல், அட்மினை வசைபாடுதல் போன்றவை இரண்டாம் வகை. ஏமாற்று மென்பொருள், ஆள்மாறாட்டம், ஆட்டத்தை விட்டுக்கொடுத்தல் ஆகியவை மூன்றாம் வகை. ஒவ்வொன்றுக்கும் முதல்முறை, இரண்டாம்முறை என்ன நேரும் என்று எழுதுங்கள். அட்டவணைக்குள் அடங்காத ஏதோ ஒன்று எப்படியும் வரும். அதற்காகத் தலைமை அட்மினுக்குத் தனி அதிகாரம் கொடுங்கள். அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தும்போது காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையையும் கூடவே சேருங்கள்.

இணைப்பு அறுந்தால்

தகுதிச்சுற்றில் வரும் முறையீடுகளில் அதிகமானவை ஏமாற்றைப் பற்றியவை அல்ல. இணையம் போனது, மின்சாரம் போனது, ஆட்டம் செயலிழந்தது என்பவையே அதிகம். இதில் கவனமாக எழுதப்படாத விதி எவ்வளவு சங்கடத்தில் கொண்டுபோய் விடும் என்பதை 2020 ஆகஸ்டில் நடந்த இணையவழிச் செஸ் ஒலிம்பியாட் காட்டியது. விஸ்வநாதன் ஆனந்தும் பிரக்ஞானந்தாவும் இடம்பெற்றிருந்த இந்திய அணி காலிறுதியில் ஆர்மீனியாவைச் சந்தித்தது. ஆர்மீனிய வீரர் ஒருவரின் இணைப்பு அறுந்து ஆட்டம் கைநழுவியது. ஆர்மீனியா முறையிட்டது, இணைப்புக்கு வீரரே பொறுப்பு என்ற அடிப்படையில் முறையீடு தள்ளுபடியானது, அதை ஏற்க மறுத்து ஆர்மீனியா போட்டியிலிருந்தே விலகியது. இரண்டே நாளில், ரஷ்யாவுக்கு எதிரான இறுதிப் போட்டியில் இந்தியாவின் நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் இணைப்பை இழந்தார்கள். அன்று உலகின் பல பகுதிகளில் இணையச் சேவை தடைபட்டிருந்தது. இந்தியா முறையிட, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் தலைவர் இரு அணிகளுக்கும் தங்கத்தைப் பகிர்ந்தளித்தார்.

இரு முடிவுகளுக்கும் தனித்தனியே காரணம் உண்டு. வீரரின் வீட்டுக் கோளாறும் உலகளாவிய சேவைத் தடையும் ஒன்றல்ல. ஆனால் அந்த வேறுபாட்டை எவ்வாறு நிறுவுவது, நிறுவினால் என்ன தீர்வு என்பது ஆட்டத்துக்கு முன்பே தெளிவாக எழுதப்பட்டிருந்தால், ஆர்மீனியருக்குக் குறை இருந்திருக்கும், சந்தேகம் இருந்திருக்காது. பதக்கத்தைப் பகிர்ந்துகொள்ளலாம், தகுதிச்சுற்றின் ஒற்றை இடத்தைப் பகிர முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே மூன்று நிலைகளைப் பிரித்து எழுதுங்கள். ஒரு வீரரின் இணைப்பு மட்டும் அறுந்தால், அணிக்கு இத்தனை நிமிட இடைநிறுத்தம் உண்டு, அது தீர்ந்தால் ஆட்டம் தொடரும். பல அணிகள் ஒரே களத்தில் இறங்கி, கடைசிவரை தப்பிக்கும் அணி வெல்லும் பேட்டில் ராயல் ஆட்டங்களில் இடைநிறுத்த வசதியே இல்லை; அங்கே இழப்பு அந்த அணியைச் சேரும். ஒரே லாபியில், அதாவது ஓர் ஆட்டத்துக்காக அணிகள் சேரும் அறையில், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் வீரர்கள் ஒரே நேரத்தில் வெளியேறினால் அது சர்வர் கோளாறாகக் கருதப்படும். ஆட்டம் தொடங்கி எத்தனை நிமிடத்துக்குள் நடந்தால் மறுஆட்டம், அதற்குப் பின் நடந்தால் என்ன என்பதற்கு எண்களைக் குறிப்பிடுங்கள். மூன்றாவது நிலை வெளியாரின் தாக்குதல். 2024 மார்ச்சில் அபெக்ஸ் லெஜெண்ட்ஸ் என்ற பேட்டில் ராயல் ஆட்டப் போட்டியின் வட அமெரிக்க இறுதியில், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே இரு வீரர்களின் திரையில் ஏமாற்று மென்பொருள் தோன்றியது. அவர்கள் அதை இயக்கவில்லை, வெளியாள் ஒருவர் ஊடுருவியிருந்தார். போட்டி தள்ளிவைக்கப்பட்டது. இந்த நிலையில் ஆட்டத்தை உடனே நிறுத்தும் அதிகாரம் பணியிலுள்ள எந்த அட்மினுக்கும் இருக்க வேண்டும். தலைமை அட்மினைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

ஆதாரம் முன்கூட்டியே கேட்கப்பட வேண்டும்

சந்தேகம் எழுந்த பிறகு "உங்கள் பதிவை அனுப்புங்கள்" என்று கேட்டால், பதிவு செய்யவில்லை என்பதே பதிலாக வரும். நேர்மையான வீரரும் அதையே சொல்வார், ஏமாற்றியவரும் அதையே சொல்வார். இருவரையும் பிரித்தறிய வழியிருக்காது. ஆகவே திரைப்பதிவு கட்டாயம் என்று விதியில் எழுதி, கேட்டதிலிருந்து எத்தனை நேரத்துக்குள் தர வேண்டும், தராவிட்டால் என்ன தண்டனை என்பதையும் சேர்த்துவிடுங்கள். கைபேசி ஆட்டங்களில் முன்னேறிய சுற்றுகளுக்கு ஹேண்ட்கேம், அதாவது விரல்களும் திரையும் ஒருசேரத் தெரியும்படி வைத்த கேமராவின் பதிவும் வேண்டும். கணினி ஆட்டங்களில் டெமோ கோப்புகளை, அதாவது முழு ஆட்டத்தையும் மீண்டும் பார்க்க உதவும் பதிவுகளை, போட்டி முடிந்தும் நெடுநாள் அழிக்காதீர்கள். பயிற்சியாளர் விவகாரத்தில் நான்காண்டுப் பழைய ஆட்டங்கள்கூடச் சாட்சி சொன்னது, யாரோ அவற்றைச் சேமித்து வைத்திருந்ததால்தான்.

நம் நாட்டினர் மறக்க முடியாத ஒரு சம்பவம் 2018 அக்டோபரில் ஷாங்காய் நகரில் நடந்தது. எக்ஸ்ட்ரீம்ஸ்லேண்ட் போட்டியில் ஓப்டிக் இந்தியா அணியின் ஃபோர்சேக்கன் என்ற வீரரின் கணினியை அட்மின் சோதிக்க வந்தபோது, அவர் அவசரமாக ஒரு கோப்பை அழிக்க முயன்றார். "வேர்டு" என்று சாதுவான பெயர் சூட்டப்பட்ட அந்தக் கோப்பு, குறி தவறாமல் சுட உதவும் ஏமாற்று மென்பொருள். அணி கலைக்கப்பட்டது, ஈசிக் அவருக்கு ஐந்தாண்டுத் தடை விதித்தது. இந்தியாவில் நடந்த ஈஎஸ்எல் தொடரிலும் அவர் அதைப் பயன்படுத்தியிருந்தது பின்னர் தெரியவந்தது. ஷாங்காயில் அரங்கமும் நடுவரும் இருந்ததால் பிடிபட்டார். அதற்கு முன் அந்த அணியிடம் தோற்று வீடு திரும்பியவர்களின் வாய்ப்பு திரும்பி வரவில்லை.

ஆனால் சந்தேகத்தையே ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். ஒரு காணொளித் துணுக்கில் சுவருக்குப் பின்னிருக்கும் எதிரியை ஒருவர் குறிவைப்பதுபோல் தெரியும். முழு ஆட்டத்தையும் பார்த்தால், மூன்று நொடிக்கு முன் காலடி ஓசை கேட்டிருக்கும். துணுக்கை ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் முழுப் பதிவைப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். இருவர் தனித்தனியே பார்த்து, தம் கருத்தை ஒருவருக்கொருவர் சொல்லாமல் எழுதிய பின் ஒப்பிடுவது நல்ல வழக்கம்.

விட்டுக்கொடுக்கும் ஆட்டம்

பேட்டில் ராயல் தகுதிச்சுற்றுகளில் கண்டுபிடிக்க மிகக் கடினமான குற்றம் இது. கணக்கைப் பாருங்கள். பிஜிஎம்ஐ போட்டிகளில் பரவலாக உள்ள முறையில் முதலிடத்துக்கு 10 புள்ளி, அடுத்தடுத்து 6, 5, 4, 3, 2, 1, 1. ஒவ்வொரு ஃபினிஷுக்கும், அதாவது எதிரி வீரர் ஒருவரை வீழ்த்துவதற்கும், ஒரு புள்ளி. நால்வர் கொண்ட ஒரு ஸ்குவாட் மொத்தமாக இன்னொரு அணியின் கையில் விழுந்தால் அந்த அணிக்கு நான்கு புள்ளி. அது நான்காம் இடத்துக்குச் சமம். எட்டு அணிகள் முன்னேறும் லாபியில், கடைசி ஆட்டத்துக்கு முன் ஒன்பதாம் இடத்தில் ஓர் அணி நிற்கிறது. ஏற்கெனவே வாய்ப்பிழந்த நண்பர்களின் அணி அதே லாபியில் இருக்கிறது. மேலும் விளக்கத் தேவையில்லை.

இதைக் கண்டுபிடிக்கப் புள்ளிப்பட்டியல் போதாது. வாய்ப்பிழந்த அணியின் பயணத்தைப் பாருங்கள். வழக்கமாக இறங்கும் இடத்தை விட்டு எங்கோ இறங்கியதா, சுருங்கிக்கொண்டே வரும் பாதுகாப்பு வட்டத்துக்கு எதிர்த்திசையில் வண்டியை ஓட்டியதா, நால்வரும் சில நொடிகளுக்குள் ஒரே அணியிடம் விழுந்தார்களா, விழுமுன் திருப்பிச் சுட்டார்களா? இவற்றுள் ஒன்று மட்டும் இருந்தால் மோசமான ஆட்டமாக இருக்கலாம். எல்லாம் ஒருங்கே இருந்தால் நால்வரின் திரைப்பதிவையும் குரலோடு கேளுங்கள். ஃபோர்ட்நைட் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் இவ்வகைக் குற்றத்துக்கு 14 நாள் தடை மட்டும் விதிக்கப்பட்டபோது, அது போதாது என்று சக வீரர்களே கண்டித்தார்கள். அவர்கள் கண்டித்ததில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். தகுதியைத் திருடியவருக்குத் தகுதிக்காலம் முடியுமுன் தடை முடிந்துவிடக் கூடாது.

கண்டுபிடிப்பதைவிடத் தடுப்பது எளிது. ஒரே நிறுவனத்தின் அல்லது ஒரே கல்லூரியின் அணிகளை வெவ்வேறு லாபியில் போடுங்கள். முன்னேறாத இடங்களுக்கும் ஒரு மதிப்பு வையுங்கள்; யாராவது வெளியேற்றப்பட்டால் காலியிடம் யாருக்கு என்பதற்கு அந்த வரிசையே அடிப்படை என்று அறிவித்தால், பன்னிரண்டாம் இடத்தில் உள்ள அணிக்கும் கடைசிவரை ஆடக் காரணம் இருக்கும்.

பணத்துக்காக விட்டுக்கொடுப்பது வேறு வகை. அமெரிக்காவின் ஐபைபவர் அணி 2014இல் ஓர் இணையவழி ஆட்டத்தைத் திட்டமிட்டுத் தோற்றது. பார்வையாளர் குறைந்த ஆட்டம்தான், ஆனால் அதன் மீது பந்தயம் இருந்தது. மறு ஆண்டு ஜனவரியில் வால்வ் தடை விதித்தபோது பலரின் தொழில்வாழ்வு முடிந்தது. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய இணையவழி விளையாட்டுச் சட்டம், இ-ஸ்போர்ட்ஸில் நுழைவுக் கட்டணத்தையும் திறமைக்கான பரிசுத்தொகையையும் அனுமதிக்கிறது; எவரும் எவ்விதப் பந்தயமும் வைப்பதை அனுமதிக்கவில்லை. வீரர்களும் அட்மின்களும் இந்தப் போட்டியின் மீது பந்தயம் கட்டக் கூடாது என்பது உங்கள் விதிப்புத்தகத்தில் தனி விதியாகவே இருக்கட்டும்.

முறையீட்டுக்கு ஒரு பாதை

முறையீட்டை அணித்தலைவர் மட்டுமே, டிக்கெட் (அட்மின்களுக்கு அனுப்பும் தனிக் கோரிக்கை) வழியாக மட்டுமே, ஆட்டம் முடிந்த பதினைந்து நிமிடத்துக்குள் தர வேண்டும். பொதுச் சேனலில் குற்றம் சாட்டினால் அது முறையீடு ஆகாது. நீங்களும் உங்களுக்கு ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் முடிக்க முடியாதபடி விவகாரம் பெரிதாக இருந்தால், அந்தக் கிளையின் அடுத்த ஆட்டத்தை மட்டும் நிறுத்தி வைத்து, மற்றவற்றைத் தொடருங்கள். இதற்காக அட்டவணையில் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே இடைவெளி விட்டிருக்க வேண்டும். நெருக்கி அடுக்கப்பட்ட அட்டவணையில் எந்த விதியும் உயிர்பிழைக்காது.

எதிரணிக்கும் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுங்கள். பிறகு தீர்ப்பை இப்படி எழுதலாம்: "இரண்டாம் சுற்று, பி பிரிவு, மூன்றாம் ஆட்டம். ஏழாம் ஸ்லாட் அணியில் பட்டியலில் இல்லாத கணக்கு ஆடியதாக முறையீடு. லாபிப் படத்தில் கணக்கு எண் சரிபார்க்கப்பட்டது, பட்டியலில் இல்லை. அணித்தலைவர் பெயர் மாற்றம் என்றார். பெயர் மாறினாலும் எண் மாறாது என்பதால் ஏற்கப்படவில்லை. விதி 4.2இன்படி அந்த ஆட்டத்தின் புள்ளிகள் நீக்கப்படுகின்றன. மேல்முறையீட்டுக்கு இரவு 9 மணி வரை நேரம்." ஏழே வரிகள். யார் முறையிட்டார் என்பது இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள், இருக்கவும் கூடாது.

மேல்முறையீட்டை முதல் தீர்ப்பளித்தவரே விசாரிக்கக் கூடாது. இங்கேதான் சிறிய போட்டிகள் தடுமாறுகின்றன, ஏனெனில் நம் வட்டாரத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அட்மினாக இருப்பவர் நேற்று வரை ஏதோ ஓர் அணியில் ஆடியவர், அவர் தம்பி இன்றும் ஆடுபவர். அதைக் குற்றமாக்க முடியாது, மறைப்பதுதான் குற்றம். ஒவ்வொரு அட்மினும் எந்த அணியோடு என்ன தொடர்பு என்பதை முன்பே எழுதித் தரட்டும். அந்த அணியின் ஆட்டத்தையும், அந்த அணிக்கு எதிரியாக வரக்கூடிய அணியின் முறையீட்டையும் அவர் தொட வேண்டாம். போட்டியோடு தொடர்பே இல்லாத ஒருவரை, வெளியூர் அட்மினாக இருந்தாலும் சரி, மேல்முறையீட்டுக்கு மட்டும் ஒப்புக்கொள்ள வையுங்கள். அவருக்கு வேலையே வராமல் போகலாம்; பெயர் மட்டும் விதிப்புத்தகத்தில் முன்பே அச்சாகியிருக்க வேண்டும்.

தகுதி பெற்ற அணிகளின் பெயரைக் கடைசி ஆட்டம் முடிந்த அன்றிரவே அறிவிக்கும் ஆசையை அடக்குங்கள். முதலில் "தற்காலிகப் பட்டியல்" என்று வெளியிட்டு, பதிவுகளைச் சரிபார்க்கவும் மேல்முறையீடுகளை முடிக்கவும் இரண்டு நாள் வைத்துக்கொண்டு, அதன் பிறகே உறுதிப்பட்டியலை வெளியிடுங்கள். பரிசுத்தொகையும் பயணச்சீட்டும் உறுதிப்பட்டியலுக்குப் பின்னரே.